பதில் வராத இரண்டு நாற்காலிகள்

தபாலில் அழைப்பு ஏதாவது வந்துவிட்டால் கிளிஃப் டோர்டாஃப் மேல்கோட்டைக் கழற்ற மாட்டார். மில்லில் தறி பழுது பார்த்த காலத்திலும் சரி, மில்லை மூடிய பிறகு பள்ளிக்கூடத்தின் கொதிகலனையும் சாவிக்கொத்தையும் பார்த்துக்கொண்ட காலத்திலும் சரி, வேலை முடிந்து வந்ததும் வாசலில் கிடக்கும் கவரைக் குனிந்து எடுப்பார். சமையலறை மேஜையோரம் நின்றபடியே பிரித்துப் படிப்பார். ரொட்டி டப்பாவுக்குப் பின்னாலிருந்து நீலத் தாள் கட்டை இழுத்து, பதில் எழுதி, தபால்தலை ஒட்டி, வந்த வழியே திரும்பிப் போய்த் தெருமுனைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வருவார். அதற்குள் டீ ஆறிப்போகும். ஆறட்டும் என்பார்.

அவருடைய ஒரே மகள் பெவர்லி இதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள். எல்லா வீட்டு அப்பாக்களும் இப்படித்தான் என்று எட்டு வயதுவரை நினைத்திருந்தாள். பக்கத்து வீட்டு எர்னி பிக்கிள்ஸ், சனிக்கிழமை பன்றித்தொடைக் கறி சாப்பிட வாங்க என்று சுவருக்கு மேலாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டார். திங்கட்கிழமை அவர் வீட்டுக்குத் தபாலில் பதில் வந்தது: திரு, திருமதி டோர்டாஃப் மகிழ்ச்சியுடன் வருவார்கள். எர்னி அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "கிளிஃப், நீ தும்மினாலே எங்க வீட்டுச் சுவர்ல கேக்கும். இதுக்கு எதுக்குப்பா ராணி தலை போட்ட ஸ்டாம்பு?"

கீத்லியில் புதிதாகத் திறந்த கம்பளக் கடை, தெருவிலிருந்த எல்லா வீட்டுக்கும் ஓர் அழைப்பு அட்டையை எறிந்துவிட்டுப் போனது. திறப்புவிழாவுக்கு வாருங்கள் என்று அச்சடித்து, அடியில் பதில் கேட்கும் அந்த நான்கு எழுத்து: ஆர்.எஸ்.வி.பி. தெரு முழுக்க அதைக் குப்பையில் போட்டது. கிளிஃப் மட்டும் எழுதினார்: அழைத்ததற்கு நன்றி, எங்களிடம் ஏற்கெனவே கம்பளம் இருப்பதால் வர இயலவில்லை.

அந்தத் தெருவில் இது ஒரு விநோதம்தான். அங்கே யாரும் யாருக்கும் அட்டை அனுப்புவதில்லை. கல்யாணம் என்றால் தொழிலாளர் கிளப்பின் மாடியில் நடக்கும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வருவார்கள். வர முடியாதவர்கள்தான் முந்தின நாள் வந்து தலையைச் சொறிந்துகொண்டு சொல்லிவிட்டுப் போவார்கள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் வருகிறார்கள் என்று பொருள். இதையெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

குடும்பத்தில் முதல் ஆளாகப் பெவர்லிக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. லீட்ஸ், பிரெஞ்சு மொழி. அப்பா வாழ்த்துச் சொல்லவில்லை. ஒரு மாதமாகவே வயிற்றுக்குள் வைத்திருந்தவர்போல ஒரு கேள்வி கேட்டார்.

"பெவ், அந்த நாலு எழுத்துக்குப் பிரெஞ்சுல என்னம்மா அர்த்தம்?"

பதினெட்டு வயது. தனக்குத் தெரிந்ததை அப்பா கேட்கிறார். அவள் உட்கார்ந்து விளக்கினாள். ரெபோந்தே சில் வு ப்ளே என்பதன் முதலெழுத்துகள். தயவுசெய்து பதில் தாருங்கள் என்று சொல்கிறோம், ஆனால் சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'உங்களுக்கு விருப்பமானால்' என்றுதான் வரும்.

"விருப்பமானாலா? அப்ப விருப்பம் இல்லேன்னா போட வேண்டாமா?"

"அப்படி இல்லப்பா. அது ஒரு மரியாதைக்கு."

"மரியாதை இருக்கட்டும். பதில் போடலேன்னா அவங்க என்னன்னு எடுத்துப்பாங்க? வர்றான்னா, வரலேன்னா?"

அது அவளுக்குத் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டு லியோன் நகரத்தில் தங்கியிருந்தபோது வீட்டுக்காரம்மாவிடம் நினைவாகக் கேட்டாள். நாங்கள் அதையெல்லாம் இப்போது அவ்வளவாக எழுதுவதில்லை, இன்ன தேதிக்குள் சொல்லிவிடுங்கள் என்று நேராகவே எழுதிவிடுவோம் என்றார் அந்தம்மா. அதை ஒரு படம் போட்ட அஞ்சலட்டையில் எழுதி அப்பாவுக்கு அனுப்பினாள். அப்பாவின் பதில் ஒரே வாரத்தில் வந்தது. தகவலுக்கு நன்றி, நான் கேட்டது அது இல்லை.

கிளிஃப் 1996 ஏப்ரலில் இறந்தார். பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. ஐம்பத்தெட்டு வயது. அடக்கமெல்லாம் முடிந்து, மே மாதத்து முதல் திங்கட்கிழமை விடுமுறைக்குப் பெவர்லி லீட்ஸிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். இரங்கல் அட்டைகளுக்கு அம்மாவோடு உட்கார்ந்து பதில் எழுதுவதாகப் பேச்சு. அப்பா இருந்திருந்தால் ஒரே சாயங்காலத்தில் முடித்திருப்பார் என்று அம்மா மேவிஸ் சொன்னாள். தாள் கட்டைத் தேடி ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் கைவிட்டபோது, கட்டோடு ஒரு கவரும் வந்தது.

தடித்த, வெண்ணெய் நிறக் கவர். பிரித்திருந்தது. உள்ளே அச்சடித்த அட்டை. மிஸ் மரியன் ஹோல்ட்ராய்டு தன் அறுபதாவது பிறந்தநாள் தேநீருக்கு திரு, திருமதி கிளிஃபோர்ட் டோர்டாஃபை இல்க்லியில் தன் இல்லத்துக்கு அழைக்கிறார், சனிக்கிழமை, மே 18, பிற்பகல் மூன்று மணி. ஆர்.எஸ்.வி.பி., மே 4-க்குள்.

தபால் முத்திரை மார்ச் கடைசி. அப்பா அதற்குப் பிறகு மூன்று வாரம் உயிரோடு இருந்திருக்கிறார். கம்பளக் கடைக்கே பதில் போட்டவர், இதை மூன்று வாரம் வைத்திருந்திருக்கிறார். பதில் கேட்ட தேதியும் தாண்டி இரண்டு நாளாகிவிட்டது.

கவருக்குள் நான்காக மடித்த நீலத் தாள்களும் இருந்தன. ஏழு. ஆறு தாள்களில் 'அன்புள்ள மிஸ் ஹோல்ட்ராய்டு' என்பதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஏழாவதில் இன்னும் கொஞ்சம் இருந்தது: அன்புள்ள மிஸ் ஹோல்ட்ராய்டு, அந்த இரண்டு நாற்காலிகளைப் பற்றி.

அவ்வளவுதான். பெவர்லி தாளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, எந்த நாற்காலி?"

மேவிஸ் அட்டையை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "அடப் பாவி மனுஷா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு," என்றாள், காலியாக இருந்த அவர் நாற்காலியைப் பார்த்து.

அதற்குப் பிறகு கதையாகச் சொன்னாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தையது. அப்போது மில்லின் மேலாளர் பெயர் ஹோல்ட்ராய்டு. ஒரு வெள்ளத்தில் தறிக்கூடத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது கிளிஃப் மூன்று நாள் வீட்டுக்கு வராமல் இருந்து தறிகளைக் காப்பாற்றினார். அந்த நன்றிக்காகத்தான் மேலாளர் தன் இளைய மகள் கல்யாணத்துக்கு மூன்று தறிப் பொறுப்பாளர்களுக்கு அட்டை அனுப்பினார். ஸ்கிப்டன் சாலையில் பெரிய ஹோட்டல். மற்ற இரண்டு பேரும், அந்தக் கூட்டத்துல நம்ம என்ன பண்றது என்று வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். கிளிஃபுக்குப் போக ஆசை. மேவிஸுக்கு அதைவிட ஆசை. அக்காவிடம் தொப்பி கடன் வாங்கினாள்.

"அட்டையில பதில் போடச் சொல்லியிருந்ததே, தெரியாதா?"

"தெரியும். அர்த்தமெல்லாம் உங்கப்பாவுக்கு நல்லாவே தெரியும். நான்தான் கேட்டேன், எழுதணுமா கிளிஃப்னு. வரலேன்னா எழுதணும், நம்மதான் போறோமே, அப்புறம் என்னத்த எழுதறதுன்னான். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு."

ஹோட்டலுக்குப் போனார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் ஒரு சின்ன அட்டையில் பெயர் எழுதி நிறுத்தி வைத்திருந்தது. எல்லோரும் அவரவர் பெயரைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் அந்த நீள மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். பிறகு இன்னொரு சுற்று. நூற்றுப்பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள், மேவிஸ் கையில் இரண்டு குளியல் துண்டுகள் வைத்துக் கட்டிய பரிசுப் பொட்டலத்தோடு.

அப்போது மணப்பெண்ணின் அக்கா மரியன் எழுந்து வந்தாள். ஆசிரியை. அந்த விருந்துக்கு யார் வருகிறார்கள், யார் எங்கே என்ற பட்டியல் அவள் பொறுப்பு. வந்து, "தப்பு என்னோடது, நான்தான் உங்க பதிலைத் தவற விட்டிருக்கணும், மன்னிச்சுக்குங்க," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். தன் நாற்காலியையும் தன் சித்தப்பா மகனின் நாற்காலியையும் இவர்களுக்குக் கொடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் சமையல்கட்டுப் பக்கம் போய்ச் சாப்பிட்டார்கள்.

"பெரிய வீட்டுப் பொம்பளைங்க இப்படித்தான் நாசூக்கா சமாளிப்பாங்கன்னு நான் நெனச்சேன். சால்மன் மீன் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு," என்றாள் மேவிஸ். கிளிஃப் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனபோது நடையில் மேலாளர் மூத்த மகளை வாட்டிக்கொண்டிருந்தது அவர் காதில் விழுந்தது. ஒரு பட்டியலை உருப்படியாக வைத்துக்கொள்ளத் தெரியாதா, வந்தவர்களை நிற்க வைத்து என் மானத்தை வாங்கினாயே என்று. கிளிஃப் மூன்றடி தள்ளி நின்றார். பதில் போடாதது நான்தான் ஐயா என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் மேலாளர் திரும்பிப் பார்ப்பார். திங்கட்கிழமை மில்லிலும் பார்ப்பார். கிளிஃப் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

"வீட்டுக்கு வந்து எங்கிட்ட மட்டும் சொன்னான். அடுத்த வாரம்தான் அந்த நீலத் தாள் கட்டை வாங்கிட்டு வந்தான்."

பெவர்லி அன்றிரவு லீட்ஸுக்குப் போகும் ரயிலைப் பிடிக்கவில்லை. அப்பாவின் பழக்கத்தை இத்தனை வருஷமாக ஒரு வேடிக்கையாகவே வைத்திருந்தாள். கல்லூரித் தோழிகளிடம் கம்பளக் கடைக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். முதல் பருவத்தில் பேராசிரியர் வீட்டு மாலை விருந்துக்கு அதே நான்கு எழுத்து போட்ட அட்டை அவளுக்கும் வந்தது. அவள் என்ன செய்தாள்? போகவும் இல்லை, எழுதவும் இல்லை. அந்தச் சொற்றொடரின் இலக்கணம் முழுக்கத் தெரிந்தவள். அப்பா கேட்டது இலக்கணமே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அவளுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருஷம் கழித்து அந்தம்மா எதற்காக இவர்களை அழைக்கிறாள்? அப்பாவின் தப்பு அவளுக்குத் தெரியும் என்றால், இது பெருந்தன்மையா, குத்தலா? தெரியாது என்றால், அதைச் சொல்ல வேண்டியவர் இனிமேல் யார்? சொன்னால் அப்பாவின் பெயர் அந்த வீட்டில் என்ன ஆகும்? கடிதம் எழுதிப் பார்த்தாள். எட்டாவது தாளும் 'அன்புள்ள மிஸ் ஹோல்ட்ராய்டு' என்பதோடு நின்றது. அடுத்த சனிக்கிழமை, ஏழாவது தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு இல்க்லிக்கு ரயில் ஏறினாள்.

மிஸ் ஹோல்ட்ராய்டு உயரமான, ஒல்லியான பெண்மணி. தோட்டத்துக் கையுறையோடு கதவைத் திறந்தார். டோர்டாஃப் என்ற பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அப்பா இறந்த செய்தியைக் கேட்டதும் கையுறையைக் கழற்றிவிட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். டீ வந்தது, விதைக் கேக் வந்தது.

மேஜையில் பதினெட்டாம் தேதிக்கான பட்டியல் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே நீல மையில் ஒரு டிக், மறுபடி சரிபார்த்ததற்குச் சிவப்பு மையில் ஒரு டிக். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் வந்த பதில்களெல்லாம் கவரோடு கவராக அடுக்கியிருந்தன. கவர்கள் மூன்று பக்கமும் கத்தரித்துப் பிரித்து விரிக்கப்பட்டிருந்தன. பெவர்லி அதைப் பார்ப்பதை அவர் கவனித்தார்.

"என்னடா இது, கிறுக்கு வேலைன்னு பாக்கறியா? உள்ளே எதுவும் ஒட்டிக்கிட்டு நின்னுடக் கூடாது பாரு. ஒரு தரம் பட்டது போதும்." சிரித்தார். "உங்க அப்பா அம்மா பேருக்கு இன்னும் பதில் வரல. ஆனா நான் ரெண்டு நாற்காலி போட்டுட்டேன். இந்தத் தடவை அவங்க நிக்கக் கூடாது."

பெவர்லிக்கு அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. இது நாசூக்கு இல்லை. இந்தம்மா அன்றைக்கு யாரையும் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. தான்தான் பதிலைத் தவற விட்டதாக நிஜமாகவே நினைத்திருக்கிறார்.

அவரே தொடர்ந்தார். போன வருஷம் மார்ச்சில் தன் தகப்பனார் இறந்துவிட்டார் என்றும், அவருடைய மேஜையை ஒழித்தபோது அந்தக் கல்யாணத்தின் பட்டியல் கிடைத்தது என்றும் சொன்னார். கடைசிவரைக்கும் கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் யாராவது தட்டை எண்ணினால், மரியனை எண்ண விடாதீங்க, ரெண்டு குறையும் என்பாராம். வீட்டில் அது ஒரு பழைய நகைச்சுவை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை பதவி வந்தபோதுகூட, எனக்கு அந்த மாதிரி வேலைக்குக் கவனம் போதாது என்று இவரே வேண்டாமென்று சொல்லிவிட்டார். "அதனாலதான் உங்க அப்பா அம்மாவைக் கூப்பிடணும்னு தோணிச்சு. அன்னிக்கு அவசரத்துல சரியா மன்னிப்புக்கூடக் கேக்கல."

பெவர்லி கோப்பையைக் கீழே வைத்தாள். பேசாமல் இருந்துவிட்டு, அம்மா வருவாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்பாவின் பெயர் இந்த வீட்டில் நல்ல பெயராக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நடையில் மூன்றடி தள்ளி நின்ற அப்பாவுக்கும் இப்படித்தான் தோன்றியிருக்கும் என்று அவளுக்குப் பட்டது. உடனே வாயைத் திறந்தாள்.

"நீங்க எதையும் தொலைக்கல, மிஸ் ஹோல்ட்ராய்டு. எங்கப்பா பதிலே போடல."

"தபால்ல போயிருக்கும்மா. அந்தக் காலத்துல..."

"இல்லீங்க. எழுதவே இல்ல. எங்க தெருவுல வரலேன்னாதான் சொல்லுவாங்க. அவர் வர்றதா இருந்தார், அதனால சொல்லல. நடையில உங்க அப்பா உங்களைத் திட்டினதும் அவர் காதுல விழுந்துச்சு. அப்பவும் சொல்லல."

மிஸ் ஹோல்ட்ராய்டு அட்டைப்பெட்டியிலிருந்து கத்தரித்த கவர் ஒன்றை எடுத்தார். மடிப்பை நீவினார். திரும்ப வைத்தார்.

"எழுதவே இல்லையா," என்றார்.

"இல்ல."

"நான் அந்த ஹோட்டலோட குப்பைத் தொட்டிவரைக்கும் தேடினேன்." கோபமா, சிரிப்பா என்று பெவர்லியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "உங்க தெருவுல இது எல்லாருக்கும் தெரியுமா?"

"யாரும் சொல்லிக்கிட்டதுகூட இல்ல."

"பதில் வரலேன்னா வரலேன்னு அர்த்தம். எங்க வீட்டுலயும் அதை யாரும் சொல்லிக்கிட்டதில்ல," என்றார் அவர். பிறகு பெவர்லி நீட்டிய நீலத் தாளை வாங்கி, இருந்த ஒரே வரியை, நீண்ட கடிதம் படிப்பவரைப்போல நிதானமாகப் படித்தார். எத்தனை தாள் இப்படி என்று கேட்டார். ஏழு என்றாள் பெவர்லி. கிளிஃப் மற்ற எல்லாருக்கும் அன்றைக்கே பதில் எழுதிவிடுபவர் என்பது அவருக்குத் தெரியாது. பெவர்லிதான் கம்பளக் கடையிலிருந்து எர்னி பிக்கிள்ஸ்வரை எல்லாவற்றையும் சொன்னாள். பன்றித்தொடைக் கறிக்குத் தபாலில் பதில் போன இடத்தில் அவர் வாய்விட்டே சிரித்தார்.

சிரித்து முடித்ததும் எழுந்து போய் ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்தார். கல்யாணப் பட்டியல். தட்டச்சு செய்த நூற்றுப்பத்துப் பெயர்கள். கடைசியில், பென்சிலால், திரு, திருமதி சி. டோர்டாஃப். அதற்கு நேரே வேறொரு கையெழுத்து, அழுத்தமான கறுப்பு மையில்: மரியன் தொலைத்தது, 2.

"அப்பா எழுத்து," என்றார். "இதை அவர் கேட்டிருக்கணும்."

பதினெட்டாம் தேதி அம்மாவும் நீயும் வருவீர்களா என்று கேட்டார். வருவோம் என்றாள் பெவர்லி. சொன்னால் போதாது, எழுதிக் கொடு என்றார், பாதி விளையாட்டாக. பெவர்லி அங்கேயே எழுதிக் கொடுத்தாள். அவர் பட்டியலில் நீல டிக் ஒன்று போட்டார். சிவப்புப் பேனாவையும் எடுத்து, கொஞ்சம் யோசித்து, போடாமலே மூடி வைத்தார்.

பிறகு பழைய பட்டியலை அவள் பக்கம் திருப்பி, அந்தக் கறுப்பு வரிக்குப் பக்கத்தில் பேனாவை வைத்தார். அடித்துவிடேன் என்று சொல்லவில்லை. பெவர்லி பேனாவை எடுத்தாள். அந்த வரி கிளிஃப் டோர்டாஃப் அடிக்க வேண்டியது, அதுவும் அதை எழுதியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. பேனாவைத் திரும்ப வைத்துவிட்டாள். மிஸ் ஹோல்ட்ராய்டு தலையசைத்தார். ஏழாவது தாளை அந்தப் பக்கத்தோடு சேர்த்து ஊக்குக் குத்தி, கோப்பை மூடினார்.

'மரியன் தொலைத்தது, 2' என்ற வரி அப்படியே இருக்கிறது.